யார் பேரில் சந்தேகம்?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் வீடு சூரமங்கலத்தில் இருக்கிறது. ரயிலடியிலிருந்து கூப்பிடு தூரம். ராத்திரி வண்டி போகிற சப்தம் கேட்டால் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை, அவ்வளவு பழக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றலாம் என்று பூஜை அலமாரியைத் திறக்கிறீர்கள். வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணோம்! உங்கள் அம்மா கல்யாணத்தில் சீராகக் கொடுத்த சிமிழ். அலமாரியைக் குடைகிறீர்கள். பீரோவைக் கவிழ்க்கிறீர்கள். குழந்தைகளை அதட்டுகிறீர்கள். கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார். சாயங்காலம் ஓர் ஏட்டையா விசாரிக்க வருகிறார். நாற்காலி போடுகிறீர்கள், காபி கொடுக்கிறீர்கள். அவர் நோட்டுப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு சாவதானமாகக் கேட்கிறார்:

"யார் பேரிலாவது சந்தேகம் உண்டா, அம்மா?"

நீங்கள் யோசிக்கிறீர்கள். முந்தாநாள் முறம் விற்க ஒருத்தி வந்தாள். திண்ணையில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். நீங்கள் சொம்பு எடுத்து வர உள்ளே போனீர்கள். வாசற்கதவு திறந்துதான் இருந்தது...

"ஒரு கூடைக்காரி வந்தாள், குறத்தி மாதிரி இருந்தது" என்று நாக்கு நுனி வரை வந்துவிடுகிறது.

சகோதரி, சற்றுப் பொறுங்கள்! அந்த வார்த்தையை வெளியே விடுவதற்கு முன்னால் அதன் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் கேட்டுவிடுங்கள். அதற்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத்துக் கதை இருக்கிறது. கதையின் முதல் அத்தியாயம் வேறெங்கும் இல்லை, உங்கள் ரயிலடியிலேதான் ஆரம்பமாகிறது.

உப்பு வந்த வழி

சேலம் ஜங்ஷன் என்று பெயரே ஒழிய, அது இருப்பது சூரமங்கலத்தில் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கி, சென்னை ரயில்வே கம்பெனியார் போட்ட இருப்புப் பாதை 1860-களின் ஆரம்பத்தில் இந்த வழியாகப் போயிற்று. அதற்கு முன்பு, கடல் எங்கே இருக்கிறது என்றே தெரியாத இந்தச் சேலத்துச் சீமைக்கு உப்பு எப்படி வந்தது என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

கழுதை முதுகிலும் பொதிமாட்டு முதுகிலும்தான் வந்தது. கடற்கரை உப்பளத்திலே உப்பை வாங்கி, பொதி ஏற்றி, ஊர் ஊராக நடந்து வந்து விற்று, திரும்பும்போது தானியம் ஏற்றிக்கொண்டு போன கூட்டத்தாருக்கு உப்புக் குறவர் என்று பெயர். அவர்கள் இனத்திலேயே கறிவேப்பிலை விற்றவர்கள் கறிவேப்பிலைக் குறவர். மூங்கிலைப் பிளந்து கூடையும் முறமும் முடைந்தவர்கள் இன்னொரு பிரிவு. பெண்கள் குறி சொன்னார்கள், பச்சை குத்தினார்கள். ஆக, நம் கொள்ளுப்பாட்டிகளின் சமையலறையில் உப்பு, கறிவேப்பிலை, அரிசி புடைக்கிற முறம் எல்லாம் இவர்கள் தயவு! வருஷத்தில் இன்ன மாதம் இன்ன ஊருக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பார்களாம்.

ரயில் வந்தது. நூறு மாடு சுமக்கிற உப்பை ஒரு வாகன் சுமந்து வந்துவிட்டது. போதாக்குறைக்கு, உப்பு சர்க்காரின் கையில். வரியும் ஏறிற்று. பிறகு 1876-லிருந்து 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சேலம் ஜில்லா அதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. பஞ்சத்தில் மாடும் போயிற்று; தானியமும் போயிற்று. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்து, மூங்கில் வெட்டக் காட்டுக்குள் போவதற்கும் கட்டுப்பாடு வைத்தது. ஒரு தலைமுறைக்குள் பிழைப்புக்கு இருந்த வழிகள் எல்லாம் ஒவ்வொன்றாக அடைபட்டன.

வேலை இழந்த மனிதன் ஊர் ஊராக அலைந்தால் சர்க்காருக்கு என்ன தோன்றும்? "இவன் ஏன் சும்மா சுற்றுகிறான்?" என்றுதான் தோன்றும். தோன்றியது. சட்டமாகவும் ஆயிற்று.

பிறக்கும்போதே குற்றவாளி

குற்றப் பரம்பரைச் சட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தென் ஜில்லாக்களில் கைரேகைச் சட்டம் என்பார்கள். வெள்ளைக்கார சர்க்கார் 1871-ல் இதை வட இந்தியாவில் கொண்டுவந்தது. தச்சன் மகன் தச்சன், கொல்லன் மகன் கொல்லன். அப்படியே திருடன் மகன் திருடன் என்பதுதான் அதன் அடிப்படை எண்ணம். 1911-ல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது சென்னை மாகாணத்துக்கும் அதை நீட்டினார்கள். இந்தக் கூட்டத்தார் குற்றப் பரம்பரை என்று சர்க்கார் கெஜட்டில் ஒரு வரி அச்சடித்தால் போதும். அந்தக் கூட்டத்தில் பிறந்தவன் ஒரு துரும்பைக்கூடத் தொட்டிராவிட்டாலும் போலீஸ் ரிஜிஸ்தரில் பெயர் ஏறிவிடும். பத்து விரல் ரேகையும் ஏறிவிடும்.

அந்தக் காலத்தில் கைரேகை புதுச் சரக்கு. குற்றவாளிகளை அடையாளம் காண்பதற்கென்று உலகத்திலேயே முதல் கைரேகை நிலையம் 1897-ல் கல்கத்தாவில்தான் ஏற்பட்டது. அதற்கு வேண்டிய கணக்கு முறையை வகுத்ததில் அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய போலீஸ் அதிகாரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. குற்றம் செய்தவனைப் பிடிப்பதற்குப் பிறந்த சாஸ்திரம் அது. அதைக் குற்றமே செய்யாதவர்கள் மேல் மொத்தமாகப் பிரயோகித்தார்கள்.

சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்று நம் ஜில்லாவின் பெயரையே தாங்கிக்கொண்டு இரண்டு கூட்டத்தார் அந்தப் பட்டியலில் ஏறினார்கள். சேலத்துக்கு மாம்பழத்தால் பெயர், எஃகால் பெயர் என்று பெருமைப்படுகிறோம். இப்படியும் ஒரு பெயர் சர்க்கார் காகிதத்தில் ஏறியது.

பட்டியலில் ஏறிய குடும்பத்தின் ஒரு நாளைச் சற்று மனக்கண்ணில் பாருங்கள். வெளியூர்ச் சந்தைக்குப் போக வேண்டுமா? கிராம அதிகாரியிடம் சீட்டு வாங்க வேண்டும். அதற்கு ராதாரிச் சீட்டு என்று பெயர். இன்னார், இன்ன ஊருக்குப் போகிறார், இன்ன நாள் திரும்புவார் என்று அதில் எழுதியிருக்கும். போன ஊரிலும் அதைக் காட்ட வேண்டும். சீட்டு இல்லாமல் அகப்பட்டால் தண்டனை. நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குச் சீட்டு. தாயார் செத்துப்போனாள் என்று சேதி வந்தால், அதற்கும் சீட்டு!

இராத்திரியோ அதைவிட மோசம். பதிவான ஆண்கள் பலர் இரவு பதினோரு மணிக்கும் விடியற்காலம் மூன்று மணிக்கும் ஆஜர் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. நடுவில் எங்கே தூங்குவது? பல ஊர்களில் போலீஸ் ஸ்டேஷனிலேயே, சாவடியிலேயே படுத்துவிட்டு வந்தார்கள். நேற்றுத்தான் கல்யாணமான பிள்ளையும் போனான். நடக்க முடியாத கிழவரும் போனார். குடிசையில் பெண்டுகள் மட்டும். அந்த இருட்டில் அவர்கள் எப்படி விழித்துக்கொண்டு கிடந்திருப்பார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை; படிக்கிற நீங்கள் பெண்கள்.

சில குடும்பங்களை ஊரை விட்டே பெயர்த்து, குடியிருப்புகள் என்ற பெயரில் வேலிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். குண்டூர் ஜில்லாவில் 1913-ல் ஏற்பட்ட ஸ்டூவர்ட்புரம் அதில் பிரசித்தமானது. பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துத் தனியே வைத்து வளர்க்கவும் சட்டம் இடம் கொடுத்தது.

இவ்வளவுக்கும் மேலே ஒரு பூட்டு. பட்டியலில் எங்களைச் சேர்த்தது தப்பு என்று எந்தக் கோர்ட்டிலும் கேட்கக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். கொலை செய்தவனுக்குக்கூட ஜட்ஜ் முன்னால் நின்று, "நான் செய்யவில்லை" என்று சொல்ல இடமுண்டு. குறவர் வீட்டில் பிறந்த குழந்தைக்கு அது கிடையாது. போலீஸ் எழுதியதைப் பார்த்துச் சரியா, தப்பா என்று சொல்ல மேலே ஒருவரும் இல்லை. இதுதான் சங்கதியின் ஆணிவேர் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேடையில் ஒரு குறத்தி

இன்னொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். வேடிக்கை என்று சொல்லலாமோ, கூடாதோ! சென்னையில் ருக்மிணி தேவி தமது கலாக்ஷேத்திரத்தில் 1944-ல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு குறி சொல்ல வருகிற குறத்தியின் மிடுக்கென்ன, பேச்சென்ன! பின்னாளில் எத்தனையோ பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் நம் வீட்டுப் பெண்களுக்கும் குறத்தி வேஷம் போட்டுக் கைதட்டி மகிழ்ந்திருக்கிறோம்.

அந்த 1944-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் அமலில்தான் இருந்தது. மேடையில் குறத்தி வந்தால் கைதட்டல், வாசலில் குறத்தி வந்தால், "பாத்திரத்தை எண்ணி உள்ளே வை!"

சட்டம் குறவர்களோடு நிற்கவில்லை. மதுரை ஜில்லாவில் கள்ளர் சமூகத்தார் மேலும் பாய்ந்தது. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூர் என்ற கிராமம். ரேகை வைக்க மாட்டோம் என்று ஊரே மறுத்தது. 1920-ம் வருஷம் ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. உயிர் விட்ட பதினாறு பேரில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று இன்றும் அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள்.

இப்படிப் பலரும் எதிர்த்து, பல வருஷம் போராடி, 1947-ல் சென்னை மாகாணம் இந்தச் சட்டத்தை ஒழித்தது. அந்த வருஷம் மாகாணத்தில் உள்துறை மந்திரியாகப் பொறுப்பேற்ற டாக்டர் ப. சுப்பராயன் நம்மூர்ப்பக்கத்து மனிதர்தான். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். மத்திய சர்க்கார் எம். அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. அந்தக் கமிட்டியும் சட்டம் கூடாது என்று சொல்ல, 1952 ஆகஸ்டு 31-ம் தேதி தேசம் முழுவதிலும் அது ஒழிந்தது. நமக்கு ஆகஸ்டு 15 சுதந்திர தினம். இந்த மக்களில் பலர் ஆகஸ்டு 31-ஐ விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஐந்து வருஷமும் பதினாறு நாளும் தாமதித்து வந்த சுதந்திரம்!

பட்டியல் போச்சு, பழக்கம்?

அத்துடன் கதை முடிந்தது என்று மங்களம் பாடிவிடலாம் என்றால் முடியவில்லை. சட்டத்தை ஒரே நாளில் ரத்து செய்யலாம். மனத்திலே எழுதியிருக்கும் பட்டியலை யார் ரத்து செய்வது?

"ஜெய்பீம்" என்ற சினிமாவை 2021-ல் நீங்கள் பார்த்திருப்பீர்கள், கண்ணீரும் விட்டிருப்பீர்கள். அதற்கு மூலமான கதை நிஜமாக நடந்தது. சினிமாவில் இருளர் குடும்பமாகக் காட்டினார்கள். நிஜத்தில் அது குறவர் குடும்பம். 1993 மார்ச்சு மாதம். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் முதனை என்ற கிராமம். அறுவடைக் கூலிக்குப் போய்வந்த ராஜாக்கண்ணு என்பவர் வேலை செய்த ஊரில் ஒரு வீட்டில் நகை காணாமல் போயிற்று. யார் பேரில் சந்தேகம் என்ற கேள்விக்குச் சுலபமான விடை கிடைத்தது. போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போயிற்று, வீட்டாரையும் விட்டுவைக்கவில்லை. ராஜாக்கண்ணு திரும்பி வரவே இல்லை. "தப்பி ஓடிவிட்டான்" என்றார்கள்.

அவர் மனைவிக்குப் படிப்பு இல்லை; பணம் இல்லை; சிபாரிசு இல்லை. "என் புருஷன் எங்கே?" என்ற ஒரே கேள்விதான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சென்னை ஹைகோர்ட்டு வரை போனார். பிற்காலத்தில் அதே கோர்ட்டில் நீதிபதியான வக்கீல் கே. சந்துரு அவருக்காக ஆட்கொணர்வு மனு போட்டார். ஆளை எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்து என்று சர்க்காருக்கே கோர்ட்டு கட்டளையிடுகிற மனு அது. விசாரித்துக்கொண்டு போனதில், போலீஸ் காவலிலேயே அடிபட்டு அவர் இறந்ததும், உடலை அடுத்த ஜில்லாவில் கொண்டுபோய்ப் போட்டதும் தெரியவந்தது. பதின்மூன்று வருஷம் கழித்து, 2006-ல், போலீஸ்காரர்கள் குற்றவாளிகள்தான் என்று ஹைகோர்ட்டு தீர்ப்புச் சொல்லியது.

கவனித்தீர்களா? 1911-ல் மூடிவைத்த கோர்ட்டுக் கதவு 1993-ல் திறந்திருந்தது. அதனால்தான் எழுத்தறியாத ஓர் அம்மாள் போலீஸையே கூண்டில் ஏற்ற முடிந்தது. நியாயம் கிடைத்தது, புருஷன் கிடைக்கவில்லை. அதையும் மறந்துவிடக்கூடாது.

இன்றைக்கு நிலைமை என்ன?

போலீஸ் ஸ்டேஷன்களில் இப்போதும் ரிஜிஸ்தர்கள் உண்டு. பழைய கேடிகளுக்குச் சரித்திரத் தாள் என்று ஒன்று வைத்திருப்பார்கள். ஜாதியைப் பார்த்து அல்ல, தனி மனிதன் செய்த குற்றத்தைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்பது நியாயம். ஆனால் பின்தங்கிய சமூகத்தாரின் பெயர்களை யந்திரம்போல ஏற்றிவிடுகிறார்கள் என்ற புகார் சுப்ரீம் கோர்ட்டின் காதிலும் விழுந்தது. அப்படி ஏற்றக்கூடாது, சிறு குழந்தைகளின் பெயரை அதில் இழுக்கக்கூடாது, எல்லா ராஜ்யங்களும் தங்கள் முறைகளைத் திருத்திக்கொள்ள யோசிக்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஒரு டில்லி வழக்கில் சொல்லியது.

அதே வருஷம் அக்டோபர் 3-ம் தேதி வந்த தீர்ப்பு அதைவிடப் பெரிது. அதற்குக் காரணம் ஒரு பெண்மணி. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர், சிறைச்சாலைகளில் ஜாதி பார்த்து வேலை பிரிக்கிறார்கள் என்று எழுதினார். எழுதியதோடு நிற்காமல் வழக்கும் போட்டார். சமைக்க ஒரு ஜாதி, பெருக்க ஒரு ஜாதி என்று சிறை விதிப் புத்தகங்களிலேயே அச்சடித்திருந்தது! பழைய குற்றப் பரம்பரையின் வாடையும் அவற்றில் வீசிக்கொண்டிருந்தது. இவை எல்லாம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சுப்ரீம் கோர்ட்டு தள்ளியது. கைதிகளின் ரிஜிஸ்தரில் ஜாதிக் கலத்தையே அடிக்கச் சொன்னது. சீர்மரபினர் என்று இன்று நாம் அழைக்கும் இந்த மக்களை இஷ்டத்துக்குக் கைது செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று போலீஸுக்கும் கட்டளையிட்டது.

ரேகை விஷயமும் மாறியிருக்கிறது. 2022-ல் வந்த குற்றவியல் அடையாளச் சட்டப்படி, கைதாகிறவர்களின் விரல் ரேகை மட்டுமல்ல, உள்ளங்கை, பாதம், கண்மணிப் படம், கையெழுத்து எல்லாம் எடுத்து, எழுபத்தைந்து வருஷம் வைத்திருக்கலாம். ஆனால் முன்பு தண்டனை பெறாதவர் விசாரணையில்லாமல் விடுதலையானாலோ, குற்றமற்றவர் என்று தீர்ப்பானாலோ, கோர்ட்டு வேறு விதமாகச் சொன்னாலொழிய அதை அழித்துவிட வேண்டும். இந்தக் கடைசி வரி முக்கியம். அழிக்கச் சொல்லிக் கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது பயன்படும்.

"எங்கள் ரேகையும் ஆதாரில் இருக்கிறதே!" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஆதாருக்காகக் கொடுத்த ரேகையை எண் வழங்குவதற்கும் ஆளைச் சரிபார்ப்பதற்கும் தவிர வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 2016-ம் வருஷத்து ஆதார் சட்டம் வேலி போட்டிருக்கிறது. ரேஷன் கடையிலே நீங்கள் வைக்கிற விரலும், அன்று சாவடியிலே உப்புக் குறவர் வைத்த விரலும் ரேகை பதிந்த வகையில் ஒன்றுதான். உங்கள் விரலுக்கு வேலி இருக்கிறது. அவர் விரலுக்கு இல்லை.

சான்றிதழ்ச் சங்கடம் ஒன்றும் இருக்கிறது. நம் ராஜ்யத்துச் சீர்மரபினர் பட்டியலில் அறுபத்தெட்டுச் சமூகங்கள். சேலம் உப்புக் குறவர் சேலம், நாமக்கல் ஜில்லாக்களுக்கென்றே அதில் இருக்கிறார்கள். முன்பு சிறைக்குப் பட்டியல். இப்போது படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் பட்டியல். நல்லதுதான். ஆனால் 1979-ல் "சீர்மரபுப் பழங்குடி" என்றிருந்ததைச் "சீர்மரபு வகுப்பு" என்று மாற்றியதில் மத்திய சர்க்கார் சலுகைக்குச் சிக்கல் வந்தது. நாற்பது வருஷம் கேட்டுக் கேட்டு, 2019-ல் ராஜ்யத்துக்கு ஒன்று, மத்திய சர்க்காருக்கு ஒன்று என்று இரண்டு சான்றிதழ் கொடுத்தார்கள். குறவன் என்று எழுதினால் அட்டவணை வகுப்பு. சேலம் குறவர் என்று எழுதினால் சீர்மரபினர். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா எழுதுகிற எழுத்தில் ஒரு பெண்ணின் காலேஜ் படிப்பு தொங்கிக்கொண்டிருக்கும்.

ஏட்டையா காத்திருக்கிறார்

சரி, சூரமங்கலத்து வீட்டுக்குத் திரும்புவோம். ஏட்டையாவின் காபி ஆறிக்கொண்டிருக்கிறது. என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்?

முதல் தகவல் அறிக்கை என்கிற எப்.ஐ.ஆர். படிவத்தில் ஒரு கலம் உண்டு. தெரிந்த, சந்தேகப்படுகிற, அல்லது தெரியாத குற்றவாளி யார் என்று அதில் எழுதுவார்கள். தெரியாது என்று எழுதுவதற்கும் அங்கே இடம் இருக்கிறது. ஆகவே தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பொய் என்று தெரிந்தே ஒருவர் பேரில் புகார் கொடுத்தால் அது குற்றம். "சந்தேகம்" என்று சொன்னால் குற்றமாகாது. அதனாலேயே அந்த வார்த்தை நம் வாயிலிருந்து சுலபமாக வந்துவிடுகிறது. சொன்ன நமக்கு ஒன்றுமில்லை. சொல்லப்பட்டவளுக்கோ ஒரு ராத்திரி, ஒரு மாதம், சில சமயம் ஓர் உயிர்.

பார்த்ததைச் சொல்லுங்கள். "முந்தாநாள் பத்து மணிக்கு முறம் விற்கிற பெண் வந்தாள், தபால்காரர் வந்தார், காஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தார், எங்கள் மச்சினர் பிள்ளையும் வந்திருந்தான்" என்று வந்தவர்கள் எல்லாரையும் சொல்லுங்கள். ஒருத்தியை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொல்லாதீர்கள். ஜாதியைச் சொல்லாதீர்கள், அது சாட்சியம் ஆகாது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசமாகத் தரவேண்டும், கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கூடைக்காரிக்கும் உங்களுக்கும் பொதுவான சில உரிமைகள் இருக்கின்றன. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், முறம் வாங்கும்போது அவள் காதிலும் போட்டுவையுங்கள்.

சாட்சி விசாரணைக்கென்று ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வா என்று அழைக்கக்கூடாது. அவள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் கேட்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகும் உதயமாவதற்கு முன்பும் பெண்ணைக் கைது செய்யக்கூடாது. தவிர்க்க முடியாத சமயத்தில் பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்ட்ரேட்டின் முன் அனுமதி பெற்றுத்தான் செய்யலாம். கைது செய்கிறவர் பெயர்ச் சின்னம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி வீட்டாரையோ ஊராரையோ சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும். உறவினருக்குச் சேதி சொல்ல வேண்டும். டி. கே. பாசு என்பவர் 1986-ல் எழுதிய ஒரு கடிதத்தை வழக்காக எடுத்துக்கொண்டு 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த விதிகள் இவை. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் வாக்கு. போலீஸ் ஸ்டேஷனில் காமிரா வைக்க வேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அத்து மீறினால் சென்னையில் இருக்கும் மாநில மனித உரிமைக் கமிஷனுக்கு ஒரு மனு எழுதிப் போடலாம். வக்கீல் வைக்க வேண்டுமென்பதில்லை.

போலீஸ்காரர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ராத்திரி நம் தெருவில் விசில் ஊதிக்கொண்டு போகிறவர் இல்லாவிட்டால் நமக்குத் தூக்கம் ஏது? ஏட்டையா கேட்ட கேள்வி அவர் கடமை. அவர் எழுதுகிறதைச் சரி பார்க்க மேலே இன்ஸ்பெக்டர், மாஜிஸ்ட்ரேட், ஹைகோர்ட்டு என்று படிப்படியாக ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் வரி உங்கள் வாசல் திண்ணையில்தான் எழுதப்படுகிறது. அந்த வரியைச் சரி பார்க்க நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

ஏட்டையாவிடம், "யார் பேரிலும் சந்தேகமில்லை, ஐயா. வந்தவர்களைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்" என்கிறீர்கள். அவரும் எழுதிக்கொண்டு போகிறார்.

பத்து நாள் கழித்துத் துவரம் பருப்பு எடுக்க டின்னில் கை விடுகிறீர்கள். ஏதோ தட்டுப்படுகிறது. போன மாதம் தர்மபுரிக்குக் கல்யாணத்துக்குப் புறப்படும்போது, திருடனுக்குப் பயந்து நீங்களே ஒளித்துவைத்த வெள்ளிச் சிமிழ்!

நம் வீடுகளில் இது நடக்காத சமாசாரமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். வாசலில், "முறம் வாங்கலையோ, அம்மா!" என்று குரல் கேட்கிறது. முதலில் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பிச் சிமிழ் கிடைத்துவிட்டது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு போய் ஒரு முறம் வாங்குங்கள். ரொம்பப் பேரம் பேச வேண்டாம்.